ஜெலுத்தோங் கடைசி பஸ்

மேசை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் உருளை மெஷின் முன்னால் மோனிக்கா நின்றுகொண்டிருந்தபோதுதான் நூர்ஜான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

நார்தம் ரோட்டில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஹோட்டலின் லாண்டரி தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மேலே வெயிலா மழையா என்பது வண்டியில் வந்து விழும் துண்டுகளைப் பார்த்துத்தான் தெரியும். நீச்சல் குளத்துத் துண்டு நிறைய வந்தால் வெயில். சேறு ஒட்டிய கால்மிதிகள் வந்தால் மழை. அன்றைக்குக் கால்மிதிகள் மலைபோலக் கிடந்தன.

மெஷினில் வேலை செய்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். ஈரத்துணியை ஒரே உதறாக உதறி, இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சூடான உருளைக்குள் நேராக விட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். மோனிக்காவின் முன்கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு அவற்றை மறைப்பாள்.

நூர்ஜான் மேலே சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். கறைத் துணி மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தவள், மூட்டையை இறக்காமலேயே பேசினாள்.

"அக்கா, பஸ் ஸ்டாப்புல நோட்டிஸ் ஒட்டியிருக்கான், பாத்தீங்களா?"

"மழைல ஓடி வந்தேன் லா. எங்க பாக்குறது? என்ன நோட்டிஸ்?"

"ராத்திரி கடைசி பஸ்ஸ நிறுத்தப் போறானாம். வர்ற வருஷத்துலேர்ந்து பத்து மணி பஸ்தான் கடைசி."

மோனிக்காவின் கையிலிருந்த விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போனது. மறுபக்கம் மடித்துக்கொண்டிருந்த நேப்பாளப் பெண் அதை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். மோனிக்கா சிரிக்கவில்லை. அவர்கள் சிப்டு முடிவதே பதினொரு மணிக்கு.

அவள் காலை சிப்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லலாம். அது நடக்காது. கணவன் பெஞ்சமினுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஓடுகிறது. காலையில் அவரை மையத்துக்குக் கூட்டிப் போய், உட்கார்ந்திருந்து, திருப்பிக் கூட்டி வர வேண்டும். முன்பெல்லாம் பெஞ்சமின்தான் ராத்திரி மோட்டாரில் வந்து ஹோட்டல் பின்வாசலில் நிற்பார். சர்க்கரை கண்ணைப் பிடித்த பிறகு எதிரே வரும் விளக்கெல்லாம் அவருக்குப் பூசணிக்காய்போல ஊதித் தெரிந்தன. மோட்டாரை விற்றுவிட்டார்கள். அதிலிருந்து மோனிக்காவுக்கு அந்த பஸ்தான்.

அன்றிரவு பஸ்ஸில் எல்லாரும் அதையே பேசினார்கள். டிரைவர் வேலு மழைத்தண்ணீர் தேங்கிய இடங்களில் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே சொன்னான்:

"வண்டிய நிறுத்தல அக்கா. இடம் மாத்துறாங்க. இதே வண்டி, இதே நானு. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் பார், கஃபேன்னு சுத்தி வரணும். விடியக்காலம் மூணு மணி வரைக்கும். ஏறுறவங்களுக்கு ஃப்ரீ. 'இரவு நகரம்'னு ப்ளான் போட்டிருக்காங்க."

"குடிச்சவனுக்கு ஃப்ரீ பஸ்ஸு. அவன் குடிச்ச கிளாஸ கழுவுனவ நடந்து போணும்!" என்றாள் நூர்ஜான்.

கடற்கரை அடுக்குமாடியில் காவல் வேலை பார்க்கும் முனுசாமி பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார். "எங்க கொண்டோல உள்ளவங்களுக்கு அது ரொம்ப சந்தோசமாம். டேக்ஸி தேட வேணாம் பாருங்க. லிப்டுல பேசிக்கிட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா அண்ணே?" என்று கேட்டாள் நூர்ஜான்.

"நான் கதவு தெறந்து விடுறவன். நான் என்னத்தச் சொல்ல?"

மோனிக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். 'இரவு நகரம்' என்ற பெயர் அவளுக்குப் புதிதல்ல. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயர் போட்ட தாள்கள் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஜெலுத்தோங் பிளாட்டில் அவர்கள் வீடு ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசம் வந்தது. வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு சமையல் பெஞ்சமின் கைக்கு வந்துவிட்டது. லாரி ஓட்டிய காலத்தில் வழியோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துப் பழகிய கை. தனக்கென்று கீரையை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டி உப்பில்லாமல் தின்பார். மனைவிக்கும் மகளுக்கும் கெம்போங் மீனைப் புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்டு வைப்பார். வாசத்தை மட்டும் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்.

மேசையில் லேப்டாப்புடன் நட்டாலி உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்தவள். பீச் ஸ்ட்ரீட்டில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இரண்டாவது வருடம் வேலை செய்கிறாள்.

மோனிக்கா கைப்பையை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"கடைசி பஸ்ஸ எடுக்கிறது உன் ஆபீஸ் வேலையா?"

நட்டாலி லேப்டாப்பை மூடினாள். "நோட்டிஸ் ஒட்டிட்டாங்களா?"

"அப்ப உனக்குத் தெரியும்."

"நாங்க எடுக்கல அம்மா. ரிப்போர்ட் எழுதிக் குடுத்தோம். கடைசி முடிவு நகராட்சிக் குழு கையில."

"ரிப்போர்ட்ல எடுன்னு எழுதினீங்களா, வேணாம்னு எழுதினீங்களா?"

பெஞ்சமின் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். "மொதல்ல சாப்புடு மோனி. அவ எங்கயும் ஓடிப் போக மாட்டா."

"ஆள் கம்மியா ஏறுற பஸ்ஸு அம்மா," என்றாள் நட்டாலி. "எங்க பாஸ் டெஸ்மண்ட் சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. டூரிஸ்ட் வந்தாதான் உங்க ஹோட்டலுக்கே வேலை. உங்கள நான் கூட்டிட்டு வர்றேன். காடி இருக்குல்ல? டெய்லி ஓட்டிட்டு வர்றேன். நீங்க பயப்படாதீங்க."

மோனிக்கா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள்.

"என்னை நீ கூட்டிட்டு வந்துருவ. எனக்குப் படிச்ச மக இருக்கா, மககிட்ட காடி இருக்கு. நூர்ஜானை யாரு கூட்டிட்டு வருவா? முனுசாமி அண்ணன? வங்காளப் பையன்க ஸ்டாப்புல நிக்கிறான்களே, அவங்கள?"

"எல்லாரையும் நான் எப்படிம்மா..."

"அதுக்குத்தானடி பஸ்ஸு!"

கீழே யாரோ மோட்டாரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"பஸ்ல வர்றவங்ககிட்ட கேட்டீங்களா? கேள்வித் தாளு வச்சிக்கிட்டு மாசக்கணக்கா அலைஞ்சியே," என்றாள் மோனிக்கா.

நட்டாலியின் குரல் தணிந்தது. "ஹோட்டல்ல கேட்டோம். பார்ல, கஃபேல கேட்டோம். ஆன்லைன்ல போட்டோம். கடைசி பஸ்லயும் ஏறிக் கேக்கலாம்னு நான் சொன்னேன். டைம் இல்லேன்னுட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

"ஏன் விட்ட?"

"வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம்கூட ஆகல. எதுத்துப் பேசினா எடுத்துருவாங்க. அப்பா மருந்துக்கு யாரு பாக்குறது?"

பெஞ்சமின் நாற்காலியை இழுத்துப் போட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். "என் மருந்த இதுல இழுக்காதே மா. இப்படி என்னைக் காரணம் சொல்லி நீ வாய மூடிக்கிட்டா எனக்குத்தான் அசிங்கம். சரி, அந்தக் குழு எப்பக் கூடுது?"

"புதன்கிழமை. பொதுமக்கள் கருத்துக் கூட்டம். யாரு வேணா வரலாம்."

"எங்க?"

நட்டாலி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா ஹோட்டல்லதான். சாயங்காலம் ஆறு மணிக்கு. பெரிய ஹால்ல."

மோனிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பிற்பகல் முழுக்க அவள் இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்புகள் எதற்கென்று இப்போது புரிந்தது. "நாங்க எல்லாம் சிப்டுல நிக்கிற நேரமாப் பாத்து வச்சிருக்கீங்க."

"கவுன்சிலருக்கு நாம ஓட்டுப் போடறது இல்ல," என்றார் பெஞ்சமின். "மேலேர்ந்து நியமனம் பண்றாங்க. அதனால அவங்க நம்மளத் தேடி வர மாட்டாங்க. நாமதான் போய் முன்னால நிக்கணும். நீ போ மோனி."

"போறேன். இவளுக்கு வேலை போச்சுன்னா?"

"நீங்க கேளுங்கம்மா," என்றாள் நட்டாலி மெல்ல. "யாரோ மாதிரி கேளுங்க. டெஸ்மண்ட் சார் பதில் சொல்லுவாரு."

"சரி. உன்ன மிஸ்ஸுன்னு கூப்புடுறேன்."

புதன்கிழமை மோனிக்கா சாப்பாட்டு இடைவேளையை ஆறு மணிக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள். லாண்டரி சூப்பர்வைசர் லிம் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். ஹோட்டல் சீருடையோடு விருந்தினர் மாடிக்குப் போகக் கூடாது என்பது விதி. "கார்டு தட்டிட்டு வெளிய போ. வெளிய போனா நீ ஸ்டாஃப் இல்ல," என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மோனிக்கா சீருடையைக் கழற்றி, பூசைக்குப் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். நூர்ஜானைக் கூப்பிட்டாள். "எனக்கு வேணாங்கா, பயமா இருக்கு. பேசவும் வராது," என்று அவள் பாத்திரத் தொட்டியை விட்டு நகரவில்லை. மோனிக்கா தனியாகப் பின்வாசல் வழியே வெளியேறினாள். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, மதிலைச் சுற்றி, கடற்கரைப் பக்கம் நடந்து, முன்வாசலுக்கு வந்தாள். பதினாறு வருடமாக அங்கே வேலை செய்கிறவள். முன்வாசல் வழியே அவள் உள்ளே போனது அன்றைக்குத்தான். கதவில் நின்ற பையன் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு விழித்தான். பிறகு மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே குனிந்து கதவைத் திறந்துவிட்டான்.

ஹாலில் குளிர் எலும்பைத் தொட்டது. பார் முதலாளிகள், ஹோட்டல் மேனேஜர்கள், கடற்கரை அடுக்குமாடிகளின் சங்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கவுன்சிலர் புவான் ஐனா, பக்கத்தில் டெஸ்மண்ட். டெஸ்மண்டும் ஜெலுத்தோங்கில் பிறந்தவர்தான். ஞாயிறு பூசைக்கு மோனிக்கா போகும் அதே கோயிலில் சிறுவயதில் புதுநன்மை வாங்கியவர். இப்போது தஞ்சோங் பூங்கா என்ற பணக்காரப் பகுதியில் கடலைப் பார்த்த வீடு. கெட்ட மனிதர் அல்ல. அழகாகப் பேசினார். இரவில் விளக்கெரியும் தெரு, பாதுகாப்பான நடைபாதை, இலவச பஸ், இசை. திரையில் படங்கள் மாறின. படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. கம்பியில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பது நட்டாலியின் வேலை. ஒருவர் பஸ்ஸுக்கு என்ன நிறம் என்று கேட்டார். இன்னொருவர் அது தங்கள் அடுக்குமாடி வாசலில் நிற்குமா என்று கேட்டார். நிற்க வைக்கலாம் என்று பதில் வந்தது.

மோனிக்கா கையைத் தூக்கினாள். நட்டாலி வந்து மைக்கைக் கொடுத்தபோது இருவர் விரல்களும் தொட்டுக்கொண்டன. மகளின் விரல் ஜில்லென்றிருந்தது.

"நன்றி மிஸ்," என்றாள் மோனிக்கா. பிறகு மலாயில் பேசினாள். உரக்கவே பேசினாள். லாண்டரி மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"நான் ஜெலுத்தோங்கிலிருந்து வருகிறேன். ராத்திரி கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள். இலவச பஸ் விடுங்கள், எனக்குச் சந்தோஷம். ராத்திரி வெளியே சுற்றுகிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். அதேபோல ராத்திரி வேலை செய்கிறவர்களும் போய்ச் சேர வேண்டும். எங்கள் பஸ்ஸை எடுத்துத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா? எடுப்பதற்கு முன்னால் எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?"

டெஸ்மண்ட் மைக்கை நெருங்கினார். "நல்ல கேள்வி. எங்கள் ஆய்வில் நகரத்தின் இரவு நேரப் பயன்பாட்டாளர்கள் எல்லாரிடமும்..."

"இல்லை," என்றாள் நட்டாலி.

அவள் அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கியிருந்தாள். ஹால் திரும்பிப் பார்த்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கேட்கவில்லை. அந்த ஆய்வை நடத்தியது நான். பாரில் கேட்டேன், ஹோட்டல் லாபியில் கேட்டேன். அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. இவர் என் அம்மா. அந்த பஸ் வரும் சத்தம் கேட்டுத்தான் தினமும் ராத்திரி நான் படுக்கப் போவேன். தெரிந்திருந்தும் ஏறவில்லை. இந்தத் தரவை வைத்து அந்த பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து."

டெஸ்மண்டின் முகம் சிவந்தது. கோபத்தைவிட அதில் வெட்கம்தான் அதிகம் தெரிந்தது என்று மோனிக்கா பிறகு பெஞ்சமினிடம் சொன்னாள். மேடையில் கவுன்சிலர் ஐனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புவான், நீங்கள் எல்லாரும் எப்போது வர முடியும்?" என்று மோனிக்காவிடம், தன்னை மற்றவர்கள் அழைக்கும் அதே மரியாதைச் சொல்லோடு கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல். ஜெலுத்தோங்கில் வையுங்கள். இங்கே வேண்டாம், இங்கே முன்வாசல் வழியாக எங்களை விடமாட்டார்கள்."

யாரோ சிரித்தார்கள். கவுன்சிலர் சிரிக்கவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஹோட்டல் அலுவலகத்தில் மோனிக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஊழியர் விருந்தினர் கூட்டத்தில் கலந்துகொண்டது ஏன் என்றார்கள். லிம் கூடவே வந்து, அந்த நேரத்தில் அவள் கார்டு தட்டி வெளியேறியிருந்தாள், இருபது நிமிடம் முன்னதாகவே திரும்பினாள் என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நட்டாலிக்கு அப்படி எளிதில் முடியவில்லை. அவளை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்து, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்பேட்டைக்குக் கார் நிறுத்துமிடம் அளக்கும் வேலைக்குப் போட்டார்கள். தினமும் கடல் பாலத்தைத் தாண்டிப் போய் வெயிலில் நின்று கறுத்துத் திரும்பினாள்.

"அழுவுறியா?" என்று கேட்டார் பெஞ்சமின் ஒருநாள்.

"இல்லப்பா, சன்ஸ்கிரீன் கண்ணுல போயிருச்சு." கொஞ்சம் கழித்து, "அழுதேன். ஆனா நல்லா தூக்கம் வருது," என்றாள்.

அந்த ஞாயிறு வரைக்கும் மோனிக்கா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு இரவும் பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு நகர்ந்து பேசிக்கொண்டு போனாள். வேலு வண்டியை முன்னைவிட மெதுவாக ஓட்டினான். எல்லாரிடமும் பேச நேரம் வேண்டுமே என்றான். மோனிக்கா என்ன சொல்ல வேண்டுமென்று வீட்டில் பெஞ்சமினிடம் சொல்லிப் பார்த்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார்.

ஜெலுத்தோங் சமூக மண்டபத்தில் குளிர்சாதனம் இல்லை. மின்விசிறிகள் சுற்றின, வெளியே மழை கொட்டியது. நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். காவல் வேலைக்காரர்கள், மருத்துவமனைத் துப்புரவாளர்கள், கொம்தார் கட்டடத்துப் பக்கம் கடை கழுவுகிறவர்கள், வங்காளப் பையன்கள். நட்டாலி அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்தாள். டெஸ்மண்டும் வந்து கடைசியில் நின்றார்.

கவுன்சிலர் ஐனா, "யார் முதலில்?" என்றார்.

மோனிக்கா எழுந்திருக்கக் கால்களை ஊன்றினாள். அதற்குள் பக்கத்திலிருந்து நூர்ஜான் எழுந்துவிட்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நான் பேசினதே இல்ல," என்று தமிழில் ஆரம்பித்து, சுதாரித்து, மலாய்க்கு மாறினாள். "எனக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் இல்லை. போன மாதம் ஒருநாள் பஸ் வராமல் நடந்து வந்தேன். இரண்டு பேர் மோட்டாரில் பின்னாலேயே வந்தார்கள். ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் ஓடிப்போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஆள் குறைவு என்கிறீர்கள். ஆமாம், குறைவுதான். அந்தக் குறைந்த ஆட்களில் நானும் ஒருத்தி."

மோனிக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நூர்ஜான் உட்கார்ந்ததும் மோனிக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் முனுசாமி எழுந்து நின்றார். கதவு திறந்துவிடுகிறவன் நான் என்றுதான் அவரும் ஆரம்பித்தார். ஆனால் அங்கே நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு துப்புரவுப் பெண். பிறகு ஒரு வங்காளப் பையன், உடைந்த மலாயில். கைகள் ஏறிக்கொண்டே இருந்தன. இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு மோனிக்காவின் நெஞ்சிலேயே இருந்துவிட்டது.

"பேசலியா?" என்று பெஞ்சமின் காதோடு கேட்டார்.

"எதுக்கு? எல்லாம் அவங்களே சொல்றாங்க," என்றாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுமாதம் குழு முடிவு வந்தது. ஜெலுத்தோங் கடைசி பஸ் தொடரும். இலவச பஸ் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், வேறு வண்டியில். டெஸ்மண்ட் நட்டாலியைத் திரும்பக் கூப்பிட்டார். இந்த முறை பஸ்ஸில் ஏறிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவோம் என்றார். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

செய்தி வந்த இரவு பஸ்ஸில் யாரும் கை தட்டவில்லை. எல்லாருக்கும் களைப்பு. நூர்ஜான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். முனுசாமி தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தார். கொம்தார் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது மழைச்சாரலோடு ஒரு தமிழ்ப் பெண் படியருகே ஓடிவந்தாள். இருபது வயது இருக்கும். கறுப்பு ஏப்ரனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். சூலியா ஸ்ட்ரீட் பாரில் கிளாஸ் தூக்குகிறவள். ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி, முன் சீட்டில் இருந்த மோனிக்காவைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இந்த பஸ்ஸ நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. ஜெலுத்தோங் போகுமா?"

"போகும், ஏறு," என்று மோனிக்கா கைப்பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள். "நாளைக்கும் போகும்."